நூற்றுப்பத்து ஏக்கர் ஷை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு சோலார் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் வருகிற கரண்டை வைத்துத் திருப்பரங்குன்றம் ஸ்டேஷனில் நிற்கிற ரயிலைத் திருநெல்வேலி வரைக்கும் தள்ளிவிடலாம் என்று நான் சொல்வது வழக்கம். உண்மையில் ஓடுவது ஒரு ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், என் மனைவி ஸ்யாமளாவின் மிக்ஸி. மிக்ஸி ஓடும்போது ஒரு ஃபேனை நிறுத்திவிட வேண்டும். ஆனால் உள்ளதை உள்ள அளவிலேயே சொன்னால் அதைக் கேட்க யார் உட்காருவார்கள்?

போன பங்குனியில் மைத்ரேயி என்ற பெண் எங்கள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது நான் பால்காரரிடம் அந்த ரயிலைத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய திண்டுக்கல்லைத் தாண்டிவிட்டேன். திசை மாறியதைப் பால்காரர் கவனிக்கவில்லை. வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் லேப்டாப் பை, கையில் சுருட்டிய வரைபடம். மாவட்டத்துக்கு நிலப் பயன்பாட்டுத் திட்டம் தயாரிக்கிற ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை என்றாள்.

"சோலார் எங்க வரலாம், எங்க வரவே கூடாதுன்னு மொத்த மாவட்டத்துக்கும் ஒரே படமாப் போடறோம் சார். இப்ப கம்பெனிக்காரங்க கண்ட இடத்துல நிலத்த வளைக்கறாங்க. அதத் தடுக்கத்தான் இது."

எங்கள் சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்தாள். காற்றில் பறக்காமலிருக்க ஸ்யாமளா நான்கு மூலையிலும் நான்கு டம்ளர் வைத்தாள். பச்சை என்றால் விவசாய நிலம், யாரும் கைவைக்கக் கூடாது. நீலம் கண்மாயும் ஓடையும். பழுப்பு என்றால் தரிசு, அங்கே பலகைகள் வைக்கலாம். பேரையூருக்கும் எழுமலைக்கும் நடுவில் ஒரு பன் அளவுக்குப் பழுப்பு. மைத்ரேயி அதன்மேல் விரலை வைத்தாள்.

"கருங்கரட்டுப்பட்டி. நரியோடைக்கு மேற்கால நூத்திப்பத்து ஏக்கர். இருபத்தொரு வருஷம் நீங்கதான் அங்க வி.ஏ.ஓ.ன்னு சொன்னாங்க."

"வி.ஏ.ஓ. இல்லம்மா. அந்தப் பக்கத்துக்கே ராஜா!" என்றேன்.

"ராஜாவுக்குப் பேண்ட்ட மடிச்சு விட்டுக்கத் தெரியாது," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மைத்ரேயி லேப்டாப்பில் பழைய அடங்கலைக் காட்டினாள். எந்த சர்வே நம்பரில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டிய பதிவேடு அது. பயிர் என்ற கட்டத்தில் பசலி 1402-ல், அதாவது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், தரிசு என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து, முத்து முத்தாக. அதற்குக் கீழே ஷை. அடுத்த வருடம் ஷை. அதற்கடுத்த வருடமும் ஷை. மேலே உள்ளதேதான் என்பதைச் சொல்ல வருவாய்த் துறைக்காரர்கள் கைவலிக்குக் கண்டுபிடித்த மருந்து அந்த ஒற்றை எழுத்து. எனக்குப் பின் வந்தவர்களும் ஷை போட்டிருந்தார்கள். கடைசியில் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அத்தனை ஷைகளையும் தரிசாக்கியிருந்தார்.

"முப்பது வருஷம் சார். ஒரு வருஷம்கூட ஒருத்தர்கூட ஒரு பயிருமா வைக்கல? எனக்கு அதான் கொஞ்சம் இடிக்குது."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு யோசித்திருக்க வேண்டும். ஆனால் எதிரே ஒரு படித்த பெண் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஓய்வு பெற்றவனுக்கு அதைவிடப் பெரிய போதை உண்டா?

"தரிசான்னா கேக்கறீங்க? அங்க கள்ளிச்செடியே குடை பிடிச்சுக்கிட்டு நிக்கும்மா! எறும்பு ஊர் மாறணும்னா எழுமலை டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறிப் போகும். காக்கா அந்தப் பக்கம் பறக்கறதா இருந்தா இங்கயே தண்ணி குடிச்சிட்டு, நிழலை இந்தக் கரையில கழட்டி வச்சிட்டுத்தான் போகும். அந்த மண்ணுல ஒரு புல்லு முளைக்காது!"

அவள் சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டாள். "உங்க பேரப் போட்டுக்கலாமா சார்?"

"தாராளமா. கே. சாம்பசிவம், பி.ஏ. இனிஷியல விட்ராதீங்க."

சித்திரையில் வரைவுத் திட்டம் வெளிவந்தது. நூற்று அறுபத்து நான்காம் பக்கத்தில், 'ஒரு புல்லும் முளைக்காத இந்நிலம் நெடுங்காலத் தரிசு என்பதை உள்ளூர் நில வல்லுநர் திரு. கே. சாம்பசிவம், பி.ஏ. உறுதிப்படுத்தினார்' என்று அச்சாகியிருந்தது. காக்காயையும் எறும்பையும் விட்டுவிட்டார்கள். இருந்தாலும் அந்தப் பக்கத்தை முப்பது நகல் எடுத்தேன். சன்னதித் தெருப் பூக்காரம்மாவுக்கு ஒன்று, பேங்க் மேனேஜருக்கு ஒன்று, பழைய ஊர்ச் சிநேகிதர்களுக்குத் தபாலில் ஆளுக்கொன்று. ஒரு வாரம் தெருவில் நான் தரையில் நடக்கவில்லை.

"வல்லுநருக்கு மோரா, காபியா?" என்று ஸ்யாமளா கேட்பாள்.

வைகாசியில் ஒரு காலை, பத்து மணி வெயிலில் ஒரு அம்மாள் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் மஞ்சள் பை.

"சாம்பசிவம் அய்யா வீடு இதானுங்களா?"

"வல்லுநர் சாம்பசிவம். இதேதான். வாங்க."

"கருங்கரட்டுப்பட்டில இருந்து வாரேன். பேரு முத்துமீனா. நூத்திப்பதினெட்டு பார் ரெண்டுல வெள்ளாம பண்றேன்."

நம்பர் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஆள் நினைவுக்கு வரவில்லை.

பேரையூரில் பஸ் ஏறி, திருமங்கலத்தில் மாறி வந்திருக்கிறாள். ஸ்யாமளா தண்ணீர் கொடுத்தாள். முத்துமீனா குடித்துவிட்டு, பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்தாள். நூற்று அறுபத்து நான்காம் பக்கம். நான் தபாலில் அனுப்பிய நகல்களில் ஒன்று, ஓடைக்கரை டீக்கடை முகைதீன் பிச்சைக்கு அனுப்பியது. ஓரத்தில் அன்புடன் என்று நானே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"பாய் கடையில படிச்சுக் காட்டுனாக. புல்லு முளைக்காதுன்னதும் எல்லாரும் சிரிச்சாக. நானுந்தான் சிரிச்சேன். பெறகு, எங்க பேரு எங்கிட்டு இருக்குன்னு கேட்டேன். எங்கிட்டும் இல்லேன்னாக."

அவள் சொன்னதன் விவரம் இதுதான். அந்த நூற்றுப்பத்து ஏக்கரும் மதுரையில் இருந்து பிறகு சென்னைக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். இருபத்தேழு வீட்டுக்காரர்கள் விளைச்சலில் பங்கு கொடுத்து அதில் வாரத்துக்குப் பயிர் செய்கிறார்கள். பட்டா அவர்கள் பெயரில் இல்லை. அவர்கள் அங்கே உழைத்தார்கள் என்று சொல்ல இருக்கிற ஒரே காகிதம் அடங்கல். அடங்கலில் இருப்பது என் ஷை. நிலம் பழுப்பில் நின்றுவிட்டால் சொந்தக்காரர்கள் இருபத்தைந்து வருடத்துக்கு சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். சாகுபடி செய்கிறவர்கள் ஆட்சேபம் சொன்னால் பழுப்பை மாற்றலாம் என்று திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் காகிதத்தின்படி அங்கே சாகுபடி செய்கிறவர் என்று ஒருவரும் இல்லை.

"மாடியில வச்சிருக்கீகளே, அதுதான் அங்கயும் வருதா?" என்றாள், அண்ணாந்து பார்த்து.

"அதுதான்."

"நல்லாத்தான் இருக்கு. ஆரு நெலத்துலயும் இல்லேல்ல." தாளை மறுபடி நான்காக மடித்தாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன் அய்யா. நீங்க எப்ப வந்து பாத்தீக?"

"நானா? நான் வராத நாளே கிடையாதே! அந்தச் செம்மண்ணு இன்னும் என் செருப்புல..."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஸ்யாமளாவின் பக்கம் குனிந்து, மஞ்சள் பையை முறத்தின் ஓரத்தில் கவிழ்த்தாள். சாம்பல் பூத்த சின்னச் சின்ன மணிகள் சரசரவென்று விழுந்தன.

"குதிரைவாலிம்மா. தையில அறுத்தது. எந்தத் தரிசுல வெளஞ்சுச்சுன்னு அய்யாகிட்டக் கேட்டு வைங்க. அடுத்த வாரம் பேரையூருல விசாரணை. வாரேம்மா."

அவள் போன பிறகு ஸ்யாமளா ஒரு பிடியைக் குத்திப் புடைத்து, மத்தியானம் கஞ்சி காய்ச்சி என் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க. இல்லாத பயிரு."

இனி பேண்ட் கதையைச் சொல்லிவிடுகிறேன். கருங்கரட்டுப்பட்டி ஊர் ஓடைக்கு இந்தப் பக்கம், அந்த நிலம் அந்தப் பக்கம். மழைக்காலத்தில் நரியோடையில் தண்ணீர் ஓடும். யானை முழுகும் என்று நான் முப்பது வருடமாகச் சொல்லிவந்தேன். முழங்கால் அளவுதான். அந்த முழங்கால் அளவு தண்ணீரில் தினமும் அந்த இருபத்தேழு வீட்டாரும் தலையில் கூழ்ச்சட்டியோடு போய்வந்தார்கள். நான் இஸ்திரி போட்ட பேண்ட் நனையக் கூடாது என்று இக்கரையில் முகைதீன் பிச்சையின் கடையில் டீ குடித்துக்கொண்டு பதிவேட்டை எழுதினேன். எதிர்க்கரையில் ஓடைக்கு ஓரமாகக் கருவேலம்புதர்; அதற்கப்பால் ஒன்றும் தெரியாது. தொண்ணூற்று மூன்றில், மேலதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்து, சித்திரை மாதம் ஓடை காய்ந்து கிடந்தபோது ஒரே ஒரு முறை அக்கரைக்குப் போனேன். குதிரைவாலியைப் புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுத்துவிடுகிறார்கள். சித்திரையில் அங்கே என்ன இருக்கும்? வெறும் மண். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன்: தரிசு. பயிர் நிற்கும்போது தண்ணீர் ஓடியது, நான் போகவில்லை. தண்ணீர் வற்றியபோது போனேன், பயிர் இல்லை. அந்த வருடம் பதிவேடுகளைத் திருத்தமாக வைத்திருந்ததற்கு எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். அது இன்றும் ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

பேரையூரில் விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின வாரம் யாருக்கோ காதுகுத்து போலிருக்கிறது, மேடையில் வாழைமரம் வாடிக் கிடந்தது. பஸ்ஸில் போகும்போதே நான் பேச்சைத் தயார் செய்துவிட்டேன். கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சைக் கடல், கதிர் ஒவ்வொன்றும் குதிரையின் வால் அல்ல, ஒட்டகத்தின் கழுத்து என்று. நுழையும்போதே முகைதீன் பிச்சை கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இன்னைக்கு எம்புட்டு யானை?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். முத்துமீனா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், பேச்சும் மெலிந்த பேச்சுதான். என் முறை வந்ததும் பதிவேட்டின் நகலை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒவ்வொரு வருஷமும் கீழ 'நேரில் தணிக்கை செய்தேன்'னு போட்டிருக்கு. உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதாங்க."

"தணிக்கை பண்ணீங்களா?"

பச்சைக் கடல் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"ஒரு தடவ பண்ணேங்க."

"வருஷத்துக்கு ஒரு தடவையா?"

"இல்லங்க. இருபத்தொரு வருஷத்துல ஒரு தடவ. சித்திரையில."

"அடேயப்பா, சாம்பசிவம் அண்ணே கொறச்சுச் சொல்ற நாளும் வந்துருச்சா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது. நில உடைமையாளர்களின் ஏஜெண்ட் அழகுபாண்டி எழுந்தார். வெள்ளைச் சட்டை, விரலில் இரண்டு மோதிரம்.

"அய்யா, இவரு பேச்ச எப்பிடி எடுத்துக்கிறது? போன மாசம் புல்லு முளைக்காதுன்னு புஸ்தகத்துல போட்டாரு. இன்னைக்கு வந்து பாக்கவே இல்லங்கறாரு. ஊரறிஞ்ச கதை விடுற ஆளு. நரியோடையில எம்புட்டுத் தண்ணி ஓடும்னு கேளுங்க. யானை முழுகும்பாரு!"

அதிகாரி என்னைப் பார்த்தார். "எவ்வளவு தண்ணி?"

"முழங்கால் அளவுங்க," என்றேன். "அதுக்குப் பயந்துதான் நான் போகல."

சிரிப்பு நின்றுவிட்டது.

"சரி. அப்ப அந்த நிலத்துல என்ன விளைஞ்சது? எத்தனை ஏக்கர்ல?"

இருபத்தேழு வீட்டாரும் என்னைப் பார்த்தார்கள். முத்துமீனா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். நூற்றுப்பத்து ஏக்கரும் குதிரைவாலிதான் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எறும்பையே பஸ்ஸில் ஏற்றிய வாய்க்கு அது ஒரு பெரிய காரியமா? ஆனால் அந்த மேசையில் என் எழுத்து கிடந்தது. பார்க்காமல் எழுதியதன் மேல் பார்க்காமல் இன்னொன்றைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"தெரியாதுங்க. நான் பாக்கல."

வரிசைகளிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. முத்துமீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத வச்சு அங்க விவசாயம் நடந்ததுன்னு எழுத முடியாது. தரிசுன்னு எழுதினது செல்லாதுன்னு மட்டும்தான் எழுதலாம். கட்டம் காலியாகுது. அவ்வளவுதான்."

அப்போது மைத்ரேயி எழுந்தாள். மைக்கை வாங்கவில்லை.

"சார், செயற்கைக்கோள் படமும் சித்திரையில எடுத்ததுதான். மழைக்காலப் படங்கள்ல மேகம் மறைச்சிருக்கும். அதனால மேகம் இல்லாததை மட்டும் எடுத்துக்கிட்டோம். அடங்கலும் படமும் ஒத்துப்போச்சு. ஒத்துப்போனதால யாரும் நேர்ல போகல. நானும் போகல. எனக்குச் சந்தேகம் இருந்தது. சார் வீட்டுல உக்காந்து சிரிச்சிட்டு வந்துட்டேன்."

அத்தனை கோடி செலவழித்து மேலே அனுப்பிய அந்த யந்திரமும் நானும் ஒரே ரகம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஓடை, அதற்கு மேகம். இரண்டு பேரும் சௌகரியப்பட்ட மாதத்தில் வந்து பார்த்துவிட்டு ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறோம்.

அதிகாரி உத்தரவைச் சொல்லி எழுதவைத்தார். அந்தப் பழுப்பு நிறுத்திவைக்கப்படும். வருகிற கார்த்திகையில் ஒவ்வொரு சர்வே நம்பரும் நேரில் பார்க்கப்படும். அன்றைக்கு நிலத்தில் நிற்கும் பயிர்தான் கணக்கு. பட்டியலை இப்போதைய வி.ஏ.ஓ. முன்னிலையில் சாம்பசிவம் எழுத வேண்டும்.

"எந்தக் கை எழுதாம விட்டதோ, அந்தக் கையே எழுதட்டும்," என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் முத்துமீனா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"காலம் பூராம் கூட்டித்தானே சொன்னீக," என்றாள் நிமிராமல். "எங்களுக்குன்னு ஒரு நா, ரெண்டு வார்த்த கூட்டிச் சொல்ல வாய் வரலயாக்கும்?"

"கார்த்திகையில வாரேம்மா," என்றேன்.

"வாங்க. தண்ணி ஓடும்."

கார்த்திகையில் வந்தேன். ஓடியது.

மைத்ரேயியும், இப்போதைய வி.ஏ.ஓ. தமிழ்வாணியும் எனக்கு முன்பே முகைதீன் பிச்சையின் கடைக்கு வந்திருந்தார்கள். தமிழ்வாணி சின்ன வயசு. கையிலிருந்த டேப்லெட்டில் சிக்னல் வராமல் அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். பட்டியலுக்கான தாள்களை அட்டையில் செருகி என்னிடம் தந்தாள். பிச்சை டீயை நீட்டினார்; யானையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்று நான் பேண்ட் போட்டுப் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினேன். தண்ணீர் சில்லென்றிருந்தது. அடியில் கூழாங்கல் புரண்டது. ஆழம் முழங்காலுக்கு இரண்டு விரற்கடை மேலே. சரியாகத்தான் சொல்கிறேன். இருபத்தொன்பது தப்படியில் அக்கரை. இந்த இருபத்தொன்பது தப்படியை முப்பது வருடமாக நான் வைத்திருக்கவில்லை.

முத்துமீனா கரையில் நின்றாள். கை கொடுக்கவில்லை. நான் ஏறும்வரை காத்திருந்து, கருவேலம்புதருக்கு ஊடே ஒற்றையடிப் பாதையில் முன்னால் நடந்தாள்.

புதர் முடிந்த இடத்தில் அவளுடைய நான்கு ஏக்கர் தொடங்கியது. குதிரைவாலி இடுப்பளவு நின்றது. கதிர் வெளிவந்து, பாரம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆறு உழவுச் சாலுக்கு ஒரு சால் துவரை. உள்ளே சிட்டுகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு காக்காய் அதன் மேலாகப் பறந்தது. நிழல் கதிர்களின் மேல் கூடவே போனது. அதைச் சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மைத்ரேயியும் அந்த நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேனாவைத் திறந்தேன்.

118/2. சாகுபடி செய்பவர் முத்துமீனா. பயிர் குதிரைவாலி, ஊடுபயிர் துவரை. எழுதினேன். எழுதியதை முத்துமீனா குனிந்து பார்த்தாள். விரலால் அவள் பெயரைத் தொட்டாள். மை காயவில்லை, லேசாக இழுபட்டது.

118/3. குதிரைவாலி. என் கை தானாக ஷை போட ஆரம்பித்துவிட்டது. அடித்துவிட்டு முழுச் சொல்லையும் எழுதினேன்.

அப்படிப் பதினொரு வீட்டு நிலம் வரை எழுதினோம். பிறகு 119/1 வந்தது. அங்கே ஒன்றும் இல்லை. போன வருடம் அறுத்த பயிரின் தட்டை மக்கிக் கிடந்தது, உழுத சால்கள் மழையில் கரைந்து, அதன்மேல் கோரை முளைத்திருந்தது.

"இது மொக்கைச்சாமி பாக்குற காடு," என்றாள் முத்துமீனா. "ஆடியில திருப்பூரு போயிட்டான்."

"ஏன், விசாரணையிலதான் நிறுத்திவச்சாங்களே?" என்றாள் மைத்ரேயி.

"அழகுபாண்டி வந்து, நிறுத்துனதெல்லாம் சும்மா, தையில வேலி போட்ருவோம், வெதைய மண்ணுல கொட்டாதீகன்னு வீடு வீடாச் சொல்லிட்டுப் போனாரு. பதினாறு வீட்டுல வெதைக்கல. அவுக எதக் கண்டு நம்புறது?"

என் பேனா நின்றது. தொண்ணூற்று மூன்றில் நான் எழுதிய சொல் பொய். அந்தப் பொய் போன சித்திரையில் அச்சாகி, பழுப்பாகி, மொக்கைச்சாமியைப் பஸ் ஏற்றிவிட்டு, இப்போது என் கண்ணெதிரே உண்மையாகிக் கிடந்தது.

"தட்டை கிடக்கேம்மா," என்றேன் மைத்ரேயியிடம். "போன வருஷம் விளைஞ்சிருக்குன்னு எழுதலாம்ல?"

"குறிப்புல எழுதுங்க சார். போட்டோவும் எடுத்துக்கறேன். ஆனா பயிர்க் கட்டத்துல இன்னைக்கு நிக்கறதைத்தான் எழுதணும்."

தமிழ்வாணி வேறு பக்கம் பார்த்தாள். நான் எதை எழுதினாலும் அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்று அந்தத் திரும்பலில் தெரிந்தது. குதிரைவாலி என்று பதினாறு முறை எழுதினால் நூற்றுப்பத்து ஏக்கரும் பச்சை. பேரையூரில் என் வாயில் வராத அந்த இரண்டு வார்த்தை இப்போது கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. முத்துமீனாவைப் பார்த்தேன்.

அவள் அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மக்கிய தட்டையைக் காலால் புரட்டினாள்.

"உள்ளத எழுதுங்க அய்யா," என்றாள். "பொறவு எவனாச்சும் வந்து பாத்தா, எங்க பதினொண்ணும் சேந்து பொய்யாயிரும்."

119/1. சாகுபடி செய்பவர் மொக்கைச்சாமி. பயிர்: தரிசு.

எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அந்தச் சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். தரிசு எப்படி ஆனது என்று தெரிந்து எழுதியது அதுதான் முதல் முறை. அடுத்த நிலத்துக்குப் போனோம். அடுத்ததற்கும். பதினாறு நிலத்திலும் உள்ளே இறங்கி நடந்து, பதினாறு பெயரையும் கேட்டு, பதினாறு முறையும் அந்தச் சொல்லை முழுதாக எழுதினேன். முடிக்கும்போது மணி இரண்டு. காலில் ஒட்டிய களிமண் காய்ந்து தோலை இழுத்தது.

மைத்ரேயி தாள்களைச் சரிபார்த்தாள். "பதினொண்ணும் பச்சைக்கு வந்துரும். பதினாறையும் உடனே பழுப்புக்கு விட மாட்டேன், இன்னொரு மழைக்காலம் பாக்கணும்னு எழுதறேன். அதிகாரி ஒத்துக்குவார்னு நினைக்கறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா அடுத்த கார்த்திகையிலயும் இப்படியே கிடந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது முத்துமீனாம்மா."

முத்துமீனா முந்தானையில் முடிந்திருந்த போனை எடுத்தாள். சிக்னலுக்காக வரப்பில் ஏறி, கையைத் தூக்கிப் பிடித்து, பிறகு காதில் வைத்தாள்.

"தம்பி மொக்கைச்சாமி, நாந்தாண்டா, முத்துமீனா அக்கா... கேக்குதா? ஒன் காட்டுல தரிசுன்னு எழுதிட்டாக... ஏண்டா கத்துற? பொய்யி இல்ல. வந்து பாத்துத்தான் எழுதுனாக. ஆமா, அதே ஆளுதான்... அட, ஓடையில எறங்கி வந்தாருடா, நான் பாத்தேன். நீ என்ன பண்ற, புரட்டாசிக்கு வந்து சேரு. வெத நான் எடுத்து வைக்கிறேன். மத்தவுகளுக்கும் சொல்லு."

எதிர்முனையில் அவன் ஏதோ கேட்டான். அவள் திரும்பி என்னை, தலையிலிருந்து களிமண் அப்பிய கால் வரை, ஒருமுறை பார்த்தாள்.

"அடுத்த கார்த்திகைக்கும் வருவாருன்னுதான் நெனைக்கிறேன்," என்றாள் போனில். "வேட்டி கட்டிக்கிட்டு."